குரங்கு கொடுத்த வாலிபம்

1889-ஆம் வருஷம் ஜூன் 1-ஆம் தேதி, பாரிஸ் உயிரியல் கழகத்தின் கூட்டத்தில் 72 வயதுப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, தனக்கு வாலிபம் திரும்பிவிட்டது என்று அறிவித்தார்.

இப்படி அறிவிக்கிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மருமகள் காபியைக் கையில் கொடுத்து, "உக்காருங்க மாமா" என்றால் விஷயம் முடிந்துவிடும். இவரை உட்காரச் சொல்ல அங்கே ஆளில்லை. சார்லஸ் எடுவர் பிரௌன்-செக்கார் என்றால் அந்தக் காலத்து மருத்துவ உலகில் அவ்வளவு பெரிய பெயர். காலேஜ் தெ பிரான்ஸில் கிளாட் பெர்னார்டுக்குப் பிறகு அவருடைய பதவிக்கு வந்தவர். முதுகுத்தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் அறுபட்டால் எந்தப் பக்கம் அசைவு போகும், எந்தப் பக்கம் வலி தெரியாமல் போகும் என்று கண்டு சொன்னவர். மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லித்தான் பரீட்சையில் தேறுகிறார்கள்.

அவர் சொன்ன செய்முறை இதுதான். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளை நசுக்கிச் சாறெடுக்க வேண்டும். விரையிலிருந்து வரும் ரத்தம், விந்து இரண்டையும் அதோடு சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு வடிகட்ட வேண்டும். வடிந்ததைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அவர் போட்டுக்கொண்டார், அதுவும் பல தடவை.

பலன்? விஞ்ஞானி அல்லவா, எல்லாவற்றையும் அளந்து வைத்திருந்தார். முன்பெல்லாம் ஆய்வுக்கூடத்தில் அரை மணி நேரம் நின்றால் நாற்காலியைத் தேடுவாராம், இப்போது மணிக்கணக்கில் நிற்கிறாராம். படிக்கட்டில் கைப்பிடியைத் தொடாமல் ஓடி ஏறுகிறாராம். முன்கையின் பலத்தைக் கருவி வைத்துப் பார்த்தால் ஆறேழு கிலோ கூடியிருக்கிறது. மலச்சிக்கல் தீர்ந்தது. சிறுநீர் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்பதையும் ஊசிக்கு முன், ஊசிக்குப் பின் என்று அளந்திருந்தார். கால் பங்கு அதிகம். இதையெல்லாம் மாண்புமிகு கழகத்தின் முன்னால் துளிக்கூடக் கூச்சமில்லாமல் வாசித்தார். அடுத்த மாதமே லண்டனின் 'லான்செட்' பத்திரிகையும் அச்சடித்தது.

பாரிஸ் பத்திரிகைகள் சிரித்தன. ஆனால் பிரௌன்-செக்காரை அறிந்தவர்கள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். சொந்த உடம்பை இவ்வளவு அலட்சியமாகப் பயன்படுத்திய மனிதர் மருத்துவ வரலாற்றிலேயே குறைவு. மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயி நகரில் 1817-ல் பிறந்தவர். அப்பா அமெரிக்கக் கப்பல்காரர். மகன் முகத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். பிரெஞ்சு வம்சத்து அம்மா துணி தைத்துப் பிள்ளையை வளர்த்தாள். அந்தப் பிள்ளை டாக்டரானதும், வயிற்றில் ஊறும் நீர் எப்படி இருக்கிறது என்று பார்க்க, நூலில் கட்டிய பஞ்சை விழுங்கி விழுங்கி வெளியே இழுத்தது. இழுத்து இழுத்து, தின்ற சோறு தானாக மேலே வரும் பழக்கம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. 1854-ல் மொரீஷியஸில் காலரா வந்தபோது ஊருக்கு ஓடிப் போய் வைத்தியம் பார்த்தார், அது சரி. அபினி மருந்து காலராவுக்குக் கேட்கிறதா என்று பார்ப்பதற்காக நோயாளிகள் வாந்தி எடுத்ததைத் தானே உட்கொண்டார், இது எதில் சேர்த்தி என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்து மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தபோது, தோல் மூச்சு விடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. உடம்பு முழுக்க வார்னிஷ் அடித்துக்கொண்டார். என்ன ஆகும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. மூர்ச்சையாகிக் கிடந்தவரைக் கண்டுபிடித்து, வார்னிஷைத் தேய்த்து எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

இப்படிப்பட்டவர் நாய்ச்சாறு ஊசி போட்டுக்கொண்டதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஊரே போட்டுக்கொண்டதுதான் விசேஷம்.

தந்திச் செய்தி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த வேகத்தில் அங்கே ஊருக்கு ஊர் "பிரௌன்-செக்கார் அமிர்தம்" விற்பனைக்கு வந்துவிட்டது. ஆட்டு விரை, மாட்டு விரை, கிடைத்த விரை. பிட்ஸ்பர்க் பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளர் பட் கால்வின் ஆகஸ்ட் மாதம் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு பாஸ்டன் அணியோடு ஆடி 9-0 என்று ஜெயித்தார். பத்திரிகைகள் அமிர்தத்தின் மகிமையைக் கொண்டாடின. இன்றைக்கு அதே காரியத்தைச் செய்தால் பதக்கத்தைப் பிடுங்கி, மூத்திரத்தைக் குப்பியில் பிடித்து, ஆயுள் தடை போடுவார்கள். கால்வினை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு ஜெயித்துக்கொண்டே போய், கடைசியில் அமெரிக்கப் பேஸ்பாலின் புகழ் மண்டபத்திலும் இடம் பிடித்தார்.

பிரௌன்-செக்கார் இதில் ஒரு காசு பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேட்ட டாக்டர்களுக்கெல்லாம் சாற்றை இலவசமாக அனுப்பினார். பலன் என்ன என்று எழுதும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். ஐந்து வருஷம் கழித்து 1894-ல் இறந்தார். அமிர்தம் அதற்கு மேல் தாங்கவில்லை.

அந்தச் சாற்றில் என்னதான் இருந்தது? ஒன்றுமே இல்லை என்றே சொல்லிவிடலாம். விரை தன் ஹார்மோனைச் சேமித்து வைக்கிற களஞ்சியம் இல்லை. சுரந்தது சுரந்தபடி ரத்தத்தில் போய்விடும். மிச்சம் மீதி இருப்பதும் தண்ணீரில் சரியாகக் கரையாது. 2002-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் சிலர் பேராசிரியரின் செய்முறையை அப்படியே பின்பற்றிச் சாறெடுத்து அளந்து பார்த்தார்கள். உடம்பில் எந்த மாற்றமும் செய்ய முடியாத அளவுக்கு அற்பமான ஹார்மோன்தான் அதில் இருந்தது. அப்படியானால் படிக்கட்டில் ஓடி ஏறியது யார்? ஊசிக்காரர்தான். ஊசி சும்மா கூடப் போயிற்று.

ஆனாலும் ஒரு நல்லது நடந்தது. உறுப்பின் சாற்றுக்குச் சக்தி உண்டு என்று இவ்வளவு பெரிய மனிதர் சொல்லிவிட்டாரே என்று ஆளாளுக்குக் கிடைத்த சுரப்பியையெல்லாம் பிழிந்து பார்த்தார்கள். 1891-ல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்மணிக்கு ஏற்றினார். முகம் வீங்கி, பேச்சுக் குழறி, மரக்கட்டை மாதிரி இருந்தவள் எழுந்து நடமாடி இன்னும் 28 வருஷம் வாழ்ந்தாள். அதற்காக 870 ஆடுகளுக்கு மேல் உயிரை விட்டன. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிய கிழவரின் சத்தத்தில் பக்கத்து வீட்டில் சரியான ஆள் விழித்துக்கொண்டார். தைராய்டு மாத்திரை விழுங்கும் லட்சோப லட்சம் பேருக்கு அது தெரியாது.

இனி வியன்னா.

அங்கே ஆய்கன் ஸ்டைனாக் என்ற உடலியல் நிபுணர் எலிகளை வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். அவருடைய தத்துவம் சுருக்கமானது. விரைக்கு இரண்டு தொழில்: விந்தணு உண்டாக்குவது ஒன்று, ஹார்மோன் உண்டாக்குவது இன்னொன்று. முதல் தொழிலின் வெளிவாசலை அடைத்துவிட்டால், வேலையில்லாமல் போன இடத்தையெல்லாம் இரண்டாவது தொழில் பிடித்துக்கொள்ளும். ஹார்மோன் பெருகும், கிழவன் குமரனாவான். 1918 முதல் இந்த ஆபரேஷன் மனிதர்களுக்கு நடந்தது. விந்துக்குழாயில் ஒரு வெட்டு, ஒரு கட்டு. பதினைந்து இருபது நிமிஷத்து வேலை.

தமிழ் வாசகருக்கு இந்நேரம் எங்கோ இடித்திருக்கும். ஆமாம், அதேதான். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன். ஸ்டைனாக் பெரும்பாலும் ஒரு பக்கம் கட்டினார், நம் சர்க்கார் தாராளமாக இரண்டு பக்கமும் கட்டியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐரோப்பாவின் மேதாவிகள் இதற்கு வரிசையில் நின்றார்கள். சிக்மண்ட் ஃபிராய்டு 1923 நவம்பரில் செய்துகொண்டார். அப்போது அவருக்குத் தாடையில் புற்றுநோய். இளமை திரும்பினால் நோய் பின்வாங்கும் என்று ஒரு நம்பிக்கை. மனிதன் செய்கிற அத்தனை காரியத்துக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று உலகத்துக்கே சொன்னவர், சிகிச்சைக்கும் அங்கேயே போனதில் ஒரு நேர்மை இருக்கிறது. கவிஞர் டபிள்யூ.பி. யேட்ஸ் 1934-ல் லண்டனில் நார்மன் ஹேர் என்ற டாக்டரிடம் செய்துகொண்டார். வயது 68, நோபல் பரிசு வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. டப்ளின் பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன. யேட்ஸ் கவலைப்படவில்லை. எழுதும் சக்தியும் மற்ற ஆசைகளும் புதிதாகப் பொங்குவதாக நண்பர்களிடம் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் கடைசி ஐந்து வருஷம் மளமளவென்று எழுதியும் தள்ளினார், இளம்பெண்களிடம் மனத்தையும் பறிகொடுத்தார். ஆபரேஷனால் ஹார்மோன் பெருகுவதில்லை என்பது பிற்பாடு தெரிந்த விஷயம். அது கவிதைக்குத் தெரியவில்லை.

பெண்களுக்கும் வழி வைத்திருந்தார்கள். கருப்பையில் கை வைக்காமல் சினைப்பையின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சுவது. அமெரிக்க நாவலாசிரியை கெர்ட்ரூட் ஆதர்டன் அறுபது தாண்டிய வயதில் நியூயார்க்கில் அதைச் செய்துகொண்டு, மூளை தெளிந்துவிட்டதாகச் சொல்லி, அந்த அனுபவத்தையே கருவாக வைத்து 'பிளாக் ஆக்ஸன்' என்று ஒரு நாவல் எழுதினார். 1923-ல் அது விற்ற விற்பனையில் இளமை வந்ததோ இல்லையோ, ராயல்டி வந்தது.

இங்கே நம் ஊருக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. 1971-ல் எர்ணாகுளத்தில் முகாம் போட்டு ஒரே மாதத்தில் 60,000 ஆண்களுக்கு மேல் இதே குழாயைக் கட்டினார்கள். வந்தவனுக்குப் பணம், சாமான், பை நிறைய அன்பளிப்பு. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், நாடு முழுக்க 60 லட்சம் ஆண்களுக்கு மேல். டிரான்சிஸ்டர் ரேடியோ தருகிறோம் என்று ஆசை காட்டினார்கள், வராதவனைப் போலீஸை விட்டுப் பிடித்தார்கள். கரும்புக்காட்டில் ராத்திரி முழுக்க ஒளிந்து கிடந்தவர்கள் உண்டு. காரணம் கேட்டால் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பண்ணிக்கிட்டா உடம்புல தெம்பு போயிடும், பாரம் தூக்க முடியாது." வியன்னாவில் கோட்டு சூட்டுப் போட்டவன் காசு கொடுத்து எதற்காகக் கட்டிக்கொண்டானோ, அதே கட்டு அதைப் பறித்துவிடும் என்று விழுப்புரத்தில் கோவணம் கட்டியவன் ஓடினான். குழாய் ஒன்றுதான், கத்தி ஒன்றுதான். இரண்டு பேர் பயமும் ஆசையும் தப்பு. ஆனால் இந்த வேட்டையை முடுக்கிவிட்ட சஞ்சய் காந்திக்கு யாராவது ஸ்டைனாக்கின் பழைய விளம்பரத்தைக் காட்டியிருக்கலாம். "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சுவரில் எழுதியதற்குப் பதிலாக "அறுபதிலும் ஆசை வரும்" என்று எழுதியிருந்தால் போலீஸ் வேலை மிச்சம். கூட்டத்தை ஒழுங்கு செய்ய மட்டும் தேவைப்பட்டிருக்கும்.

ஊசியும் கட்டும் பார்த்தாயிற்று. அடுத்தவர் நேரே உறுப்பையே வைத்துத் தைத்தவர்.

செர்ஜ் வோரனாஃப் 1866-ல் ருஷ்யாவில் பிறந்து, பாரிஸில் படித்து, எகிப்தில் அரசருக்கு வைத்தியராகப் பல வருஷம் இருந்தவர். அங்கே அந்தப்புரக் காவலர்களான அலிகளைப் பார்த்தார். சின்ன வயதில் விரை நீக்கப்பட்டவர்கள். சீக்கிரம் தளர்ந்தார்கள், நரைத்தார்கள் என்று அவருக்குப் பட்டது. இல்லாவிட்டால் கிழடு தட்டுகிறது, ஆகவே கூடுதலாக ஒன்று இருந்தால் கிழடு தட்டாது! இந்தத் தர்க்கத்தில் உள்ள ஓட்டை வழியாகக் குரங்கு ஒன்று உள்ளே வந்தது.

மனித விரை தானமாகக் கிடைப்பது கடினம். தரமான ஆள் தரமாட்டான், தருகிற ஆள் தரமாக இருக்கமாட்டான். மனிதனுக்கு நெருங்கிய சொந்தம் சிம்பன்ஸி. 1920 ஜூன் 12-ல் முதல் ஆபரேஷன். சிம்பன்ஸியின் விரையை மெல்லிய வில்லைகளாகச் சீவி, மனிதனின் விரைப்பைக்குள் வைத்துத் தைத்தார். முழுசாக வைத்தால் பிடிக்காது, சீவி வைத்தால் ரத்த ஓட்டம் சேரும் என்பது கணக்கு. வாழைக்காய் பஜ்ஜிக்குச் சீவுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும்.

செலவு? மனைவி ஈவ்லின் பாஸ்ட்விக், ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனிப் பெரிய மனிதர் ஒருவரின் மகள். ஆய்வகத்தில் கூட நின்று வேலை பார்த்தவள், பணத்தையும் கொட்டினாள். 1921-ல் இறந்துபோகும்போது சொத்தை அவருக்கு விட்டுப்போனாள். அதற்குப் பிறகு வோரனாஃப் வாழ்ந்த வாழ்க்கையை ஒரு மகாராஜா பார்த்திருந்தாலும் மேல்மூச்சு வாங்கியிருக்கும். பாரிஸின் மிக ஆடம்பரமான ஓட்டலில் ஒரு தளம் முழுவதும் வாடகைக்கு. ஏவலுக்கு ஆட்கள், செயலாளர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற குரங்கு போதவில்லை என்று இத்தாலியக் கடற்கரையில் கிரிமால்டி என்ற இடத்தில் ஒரு பெரிய மாளிகையை வாங்கி அங்கேயே குரங்குப் பண்ணை வைத்தார். மத்தியதரைக் கடல் காற்று, வேளாவேளைக்குப் பழம், கூண்டுக்குள் வெப்பம். சர்க்கஸில் வேலை பார்த்தவர் மேய்ப்பர். குரங்குகளுக்கு அங்கே ஒரே ஒரு குறைதான் இருந்தது. அதைச் சொல்ல அவற்றுக்கு வாய் இல்லை.

1923-ல் லண்டனில் சர்வதேச அறுவை மருத்துவர்கள் மாநாட்டில் எழுநூறு பேர் எதிரே வோரனாஃப் பேசினார், கைதட்டல் விழுந்தது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: எழுநூறு பேரும் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர்கள். அப்போது விரை ஹார்மோனுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற பெயரே இல்லை. அந்நிய உறுப்பை உடம்பு எதிர்த்து அழிக்கும் விதத்தை இன்று நாம் அறிந்த அளவுக்கு யாரும் அறியவில்லை. அறியாமை எல்லோருக்கும் பொது. வோரனாஃப் மட்டும் அதில் ஓட்டல் வாடகை கட்டினார்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பிரான்ஸில் மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல் குரங்கோடு உறவு கொண்டாடினார்கள். பாரிஸில் ஹாரி மெக்கெல்ஹோன் என்ற மதுக்கடைக்காரர் ஜின், ஆரஞ்சுச் சாறு, மாதுளைச் சாறு, கொஞ்சம் அப்சிந்த் கலந்து ஒரு பானம் செய்து அதற்குக் 'குரங்குச் சுரப்பி' என்றே பெயர் வைத்தார். இன்றும் பட்டியலில் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியிலிருந்து மிஞ்சி நிற்கிற ஒரே வெற்றிகரமான தயாரிப்பு. தன் மானத்தைக் கையால் பொத்திக்கொண்டிருக்கும் குரங்குப் பொம்மை வைத்த சாம்பல் கிண்ணங்கள் கடைகளில் விற்றன. கோனன் டாயில் 1923-ல் வெளியிட்ட ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலும் ஒரு பேராசிரியர் வருகிறார். கல்யாண ஆசையில் இமயமலைக் கருமுகக் குரங்கின் சாற்றை ஊசி போட்டுக்கொண்டு, ராத்திரியில் கொடியைப் பிடித்துச் சுவர் ஏறுகிறார். இந்த உறுப்பு வியாபாரத்தில் இந்தியாவின் பங்களிப்பு இவ்வளவுதான், அதுவும் கற்பனை.

உண்மையில் நடந்தது என்ன? தைத்த வில்லையைச் சில நாட்களிலேயே உடம்பு அழித்துவிடும். வடு மட்டும் கட்டியாக மிஞ்சும். நோயாளி தொட்டுப் பார்ப்பார், டாக்டரும் தொட்டுப் பார்ப்பார். "ஒட்டிக்கொண்டுவிட்டது" என்று இருவரும் மகிழ்வார்கள். பெரும் பணம் கொடுத்து, மானத்தையும் பணயம் வைத்து, குரங்கின் உறுப்பை வாங்கிக்கொண்டவர் வெளியே வந்து "ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்வாரா? சொன்னால் மனைவி என்ன கேட்பாள்? அதற்குப் பயந்தாவது படிக்கட்டில் வேகமாக ஏறினார்கள்.

வோரனாஃப் 85 வயது வரை இருந்தார், தன்னைவிடப் பல பத்தாண்டு இளைய பெண்ணை மூன்றாவதாகக் கட்டிக்கொண்டார். தனக்குத் தானே குரங்கு வைத்துக்கொண்டாரா என்ற கேள்வியைப் பாரிஸ் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தது.

இவர்கள் எல்லோரும் சொன்னதைத் தாங்களும் நம்பியவர்கள். கான்ஸாஸ் மாநிலத்து ஜான் ஆர். பிரிங்க்லி அப்படியில்லை. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த ஆள் அவர்தான், அயோக்கியன் என்று தெரிந்தும். படிப்பை முடிக்காமல் பட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியவர். 1917-ல் மில்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் கடை விரித்தார். ஒரு விவசாயி வந்து, தனக்கு "சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது" என்கிற மாதிரி குறை சொன்னான். பேச்சுவாக்கில், ஆட்டுக்கிடாய்க்கு இந்தக் குறையே வருவதில்லை பார்த்தீர்களா என்று சிரித்தார்களாம். சிரிப்பு அடங்குமுன் விவசாயி கிடாயின் சுரப்பியை வைக்கச் சொன்னான். டாக்டர் வைத்தார். கொஞ்ச காலத்தில் அந்த வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது, "பில்லி" என்று பெயர் வைத்தார்கள். ஊரில் கிடாயையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு ஆபரேஷனுக்கு 750 டாலர். டாகன்பர்க் ஜாதி வெள்ளாடுகள் ரயிலில் வந்து இறங்கின. நோயாளியே கொட்டடிக்குப் போய்த் தனக்குப் பிடித்த கிடாயைத் தேர்ந்தெடுக்கலாம். நம் ஊர்க் கசாப்புக் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே உறுப்பைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லி வாங்கி, மிளகு போட்டு வறுத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. காரணமும் அதேதான். செலவு குறைவு, தையல் கிடையாது, தொட்டுக்கொள்ள ருசி. கான்ஸாஸ்காரனுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

பிரிங்க்லியின் உண்மையான கண்டுபிடிப்பு ஆடு இல்லை, ரேடியோ. 1923-லேயே சொந்தமாக வானொலி நிலையம் தொடங்கினார். பாட்டு, பிரசங்கம், நடுநடுவே டாக்டர் பேச்சு. நேயர்கள் நோயை எழுதி அனுப்புவார்கள். டாக்டர் கடிதத்தை வாசித்து, முகம் பார்க்காமல் மருந்தை நம்பர் சொல்லி எழுதித் தருவார். அந்த நம்பருக்குரிய மருந்தை அவரோடு கூட்டு வைத்த கடையில் வாங்க வேண்டும், டாக்டருக்குப் பங்கு போகும். நம் கேபிள் டி.வி.யில் காலை நேரத்தில் மூட்டுவலிக்கும் ஆண்மைக்கும் ஒரே லேகியம் சொல்கிற நிகழ்ச்சிகளுக்கு அவர்தான் கொள்ளுத் தாத்தா.

ஆடு வைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் குதிக்கவில்லை. கிருமி தாக்கி இறந்தவர்கள் பலர். நாற்பதுக்கு மேற்பட்ட மரணச் சான்றிதழ்களில் பிரிங்க்லியின் சொந்தக் கையெழுத்தே இருந்தது. 1930-ல் மாநில மருத்துவ வாரியம் விசாரித்தது. "வந்து பாருங்கள்" என்று அவரே அழைத்தார். அதிகாரிகள் வந்து ஆபரேஷனை நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போய் உரிமத்தைப் பறித்தார்கள். ரேடியோ உரிமமும் போயிற்று.

வேறொருவராக இருந்தால் ஊரைவிட்டு ஓடியிருப்பார். இவர் கவர்னர் தேர்தலில் நின்றார். மனுத் தாக்கல் தேதி தாண்டிவிட்டதால் ஓட்டுச் சீட்டில் பெயர் கிடையாது, வாக்காளர் கையால் எழுத வேண்டும். அப்படியும் சுமார் 1,83,000 பேர் எழுதினார்கள். எழுத்துப் பிழை என்று ஆயிரக்கணக்கான சீட்டுகளைத் தள்ளுபடி செய்திராவிட்டால் ஜெயித்திருப்பார் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. மருத்துவ வாரியத்துக்கு ஆட்களை நியமிக்கும் அதிகாரம் கவர்னருக்கு உண்டு என்பதை அவர் மறந்திருக்க மாட்டார்.

தோற்றதும் டெக்ஸஸ் எல்லைக்குப் போனார். டெல் ரியோ ஊரில் ஆஸ்பத்திரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்ஸிகோ மண்ணில் ஒலிபரப்புக் கோபுரம். அமெரிக்கச் சட்டம் ஆற்றைத் தாண்டாது, அலை தாண்டும். ஐந்து லட்சம் வாட் வரை சக்தியை ஏற்றினார். அக்கம்பக்கத்து வேலிக் கம்பியில் எல்லாம் பாட்டுக் கேட்டது என்பார்கள். ஆட்டை விட்டுவிட்டுப் பிராஸ்டேட் சுரப்பிக்குத் தாவியிருந்தார். 1939-ல் தன்னை ஏமாற்றுக்காரன் என்று எழுதிய டாக்டர் மாரிஸ் ஃபிஷ்பைன் மேல் மான நஷ்ட வழக்குப் போட்டார். வழக்கில், அவர் விற்ற ஊசி மருந்து நீலச் சாயம் போட்ட தண்ணீர் என்பது வெளியே வந்தது. அந்த ஆளை அப்படி எழுதியதில் தப்பில்லை என்று ஜூரி சொல்லிவிட்டது. மானத்துக்கு விலை கேட்கப் போய் மானமே இல்லை என்று சான்றிதழ் வாங்கி வந்தவர், 1942-ல் திவாலாகி இறந்தார்.

அசல் சரக்கு 1935-லேயே கிடைத்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லக்கூர் குழுவினர் நூறு கிலோ காளை விரையை அரைத்து, வடித்து, பத்து மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எடுத்தார்கள். ஒரு சிட்டிகைகூட வராது. பிரௌன்-செக்காரின் ஊசியில் எவ்வளவு இருந்திருக்கும் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம். சீக்கிரமே அதை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்யவும் கற்று, 1939-ல் அந்த வகை வேலைக்காக நோபல் பரிசும் கொடுத்தார்கள். தேவையானவர்களுக்கு அது நல்ல மருந்து. கிழவரை வாலிபராக்கவில்லை.

ஆட்டையும் குரங்கையும் விட்டுவிட்டு இப்போது பணக்காரர்கள் மனிதனிடமே வந்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு கம்பெனி இளைஞர்களின் ரத்தப் பிளாஸ்மாவை லிட்டர் 8,000 டாலருக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதனால் நிரூபிக்கப்பட்ட பலன் எதுவும் இல்லை என்று பகிரங்கமாக எச்சரித்தது. 2023-ல் பிரையன் ஜான்சன் என்ற கோடீஸ்வரர் தன் 17 வயது மகனிடமிருந்து பிளாஸ்மா வாங்கி ஏற்றிக்கொண்டார். ஆபரேஷன் தியேட்டருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்னாலேயே மகாபாரதத்தில் நடந்த காரியம் இது. யயாதி மகனிடம் வாலிபத்தைக் கடன் வாங்கினான், புரு கொடுத்தான். மற்றப் பிள்ளைகள் மறுத்ததும், அப்பா அவர்களைச் சபித்ததும் புராணத்தில் உண்டு. ஜான்சன் விஷயத்தில் ஒரு தலைமுறை கூடுதல். மகன் பிளாஸ்மா அப்பாவுக்கு, அப்பா பிளாஸ்மா தாத்தாவுக்கு. இதுவும் டெக்ஸஸில்தான்.

சில மாதத்தில் ஜான்சன் தன் உடம்பில் பலன் எதுவும் தெரியவில்லை என்று சொல்லி மகனை விட்டுவிட்டார். அந்த நேர்மைக்கு அவரைப் பாராட்டலாம். தாத்தா விஷயத்தில் மட்டும் கணக்கு வேறு: தன் பிளாஸ்மா ஏறிய பிறகு அப்பா மூப்படையும் வேகம் 25 வருஷம் பின்னால் போய்விட்டது என்று அதே பிரையன் ஜான்சன் உலகுக்கு அறிவித்தார். சரக்குக் கொடுத்தவரே சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டார்.